கொல்லிமலைக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொல்லிமலைக்குப் பல வருடமாகப் போய்வருகிறேன். தெரிந்தவர்கள் கிளம்பும்போதெல்லாம் என்னிடம் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கொல்லிமலை எங்கே இருக்கிறது? ஊட்டி, கொடைக்கானல் மாதிரி இருக்குமா?

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர். ஊட்டியோடு ஒப்பிட்டுக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். இங்கே ஏரியைச் சுற்றிக் கடைவீதி கிடையாது, வெள்ளைக்காரர்கள் கட்டிய பங்களாக்கள் கிடையாது. மேலே ஏறி முடித்ததும் மலை முடிந்து ஒரு சமவெளி விரிகிறது. நெல் வயல், மரவள்ளித் தோட்டம், சவுக்கு மாதிரி நெடுநெடுவென்று நிற்கும் சில்வர் ஓக் மரங்கள், அதில் ஏறிப் படர்ந்த மிளகுக் கொடி, நடுநடுவே ஊர்கள். தலைமுறை தலைமுறையாக உழுது பயிரிடும் மக்களின் ஊர் இது. சுற்றுலா இங்கே பின்னால் வந்து சேர்ந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு போனால் மலை உங்களுக்குப் பிடிக்கும்.

எப்படிப் போவது?

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக அடிவாரத்தில் உள்ள காரவள்ளிக்கு வந்து, அங்கிருந்து மலை ஏற வேண்டும். நாமக்கல்லிலிருந்து மேலே செம்மேடு வரை சுமார் 55 கிலோமீட்டர். ராசிபுரம் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு சாலையும் இருக்கிறது. மழைக்காலத்தில் மண் சரிவு இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு அந்த வழியைத் தேர்ந்தெடுங்கள்.

நாமக்கல், சேலம், ராசிபுரம் ஆகிய ஊர்களிலிருந்து அரசுப் பேருந்துகள் செம்மேட்டுக்கு வருகின்றன. மலையில் பேருந்து நிலையம், மருத்துவமனை, அரசு அலுவலகங்கள் எல்லாம் செம்மேட்டில்தான். பேருந்தில் வருகிறவர்கள் இறங்கியதுமே திரும்புவதற்கான கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாயங்காலம் கேட்டால் வண்டி போயிருக்கும்.

70 கொண்டை ஊசி வளைவு என்கிறார்களே, ஓட்டுவது கஷ்டமா?

பழகியவர்களுக்குக் கஷ்டமில்லை, அவசரப்படுகிறவர்களுக்குக் கஷ்டம். காரவள்ளியில் தொடங்கும் வளைவுகளுக்கு வரிசையாக எண் போட்டு வைத்திருக்கிறார்கள். 70/70 பலகையைப் பார்த்ததும் வண்டிக்குள் இருக்கும் பிள்ளைகள் கை தட்டுவதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

ஏறும்போது இரண்டாவது கியர், சில வளைவுகளில் முதல் கியர் தேவைப்படும். உண்மையான சோதனை இறக்கத்தில்தான். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடாகிப் பிடிமானம் போய்விடும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், என்ஜின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. வளைவில் ஹாரன் அடியுங்கள், அடித்துவிட்டுக் கேளுங்கள். எதிரே பேருந்து வந்தால் அது முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும். அதற்கு வேறு வழியில்லை, வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள்.

இருட்டிய பிறகும், பனிமூட்டம் இறங்கிய பிறகும் ஏற வேண்டாம். எரிபொருளைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வாந்தி வருகிறவர்கள் ஏறுவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். அப்புறம், வழியில் குரங்குகளுக்குத் தின்பண்டம் போடாதீர்கள். போடுவதால்தான் அவை காட்டை விட்டுச் சாலையோரத்தில் குடியேறி வண்டியில் அடிபடுகின்றன.

எந்த மாதத்தில் போகலாம்?

எதைப் பார்க்க ஆசை என்பதைப் பொறுத்தது. ஆடி, ஆவணியில் மழை பெய்து மலை பச்சையாக இருக்கும், சாமையும் கேழ்வரகும் வளர்ந்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அருவி ஆர்ப்பரிக்கும், ஆனால் வெள்ளம் அதிகமானால் குளிக்கவோ இறங்கவோ விடமாட்டார்கள். தை, மாசியில் வானம் தெளிவு, இரவில் நல்ல குளிர், வாசலெல்லாம் பாய் விரித்து மிளகு காயவைத்திருப்பார்கள். அந்த வாசனைக்காகவே நான் தை மாதத்தைத் தேர்ந்தெடுப்பேன். வைகாசி, ஆனியில் பலாப்பழம். கோடையில் பகலில் வெயில் இருக்கும், அருவியில் தண்ணீர் குறைந்துவிடும்.

சால்வையோ ஒரு ஸ்வெட்டரோ போதும். பெரிய கம்பளி தேவையில்லை.

காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாமா?

போய்வரலாம். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். 70 வளைவு, அருவி, கோயில், கீழே இறக்கம். வீட்டுக்கு வந்த பிறகு கொல்லிமலையில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் சாலையைப் பற்றியே சொல்வார்கள்.

முடிந்தால் இரண்டு இரவு, குறைந்தது ஓர் இரவாவது தங்குங்கள். முதல் நாள் கோயிலும் அருவியும். மறுநாள் எந்த இடத்துக்கும் போகாமல், தங்கிய ஊரைச் சுற்றி நடந்து பாருங்கள். விடியற்காலையில் பனி விலகும்போது வயல் வரப்பில் நின்றால் மாட்டுமணிச் சத்தமும் எங்கோ சேவல் கூவுவதும் தவிர வேறெதுவும் கேட்காது. செம்மேட்டிலும் சோளக்காட்டிலும் விடுதிகள் இருக்கின்றன. பண்டிகை, தொடர் விடுமுறை நாட்களில் முன்பே சொல்லி வைத்துவிடுவது நல்லது.

இங்கே வாழ்கிறவர்களை மலையாளிகள் என்கிறார்கள். கேரளத்திலிருந்து வந்தவர்களா?

இல்லை. இந்தக் கேள்வியை ஊர்க்காரர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருக்கிறார்கள், அவர்களிடம் போய்க் கேட்காதீர்கள். மலையை ஆள்கிறவர், மலையில் வாழ்கிறவர் என்ற பொருளில் மலையாளி. அவர்கள் பேசுவது தமிழ், பட்டியல் பழங்குடியினர். கொல்லிமலையில் மட்டுமல்ல, சேர்வராயன் மலை, பச்சைமலை, கல்வராயன் மலை, ஜவ்வாது மலை ஆகியவற்றிலும் இருக்கிறார்கள்.

தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று ஒரு கதை அவர்களிடம் வழங்குகிறது. மூன்று சகோதரர்கள் சாமியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டு, ஆளுக்கொரு மலையில் தங்கிவிட்டார்களாம். ஆளுக்கு ஆள் கதை கொஞ்சம் மாறும். மழை பெய்யும் மாலையில் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பெரியவர் சொல்லக் கேட்க வேண்டிய கதை அது. கேட்கும்போது குறுக்கே பேசாமல் இருந்தால் முழுவதும் சொல்வார்கள்.

வழிப்பலகைகளில் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு என்று எழுதியிருக்கிறதே, அது என்ன?

பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. கொல்லிமலையில் இப்படி 14 நாடுகள். அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, திண்ணனூர் நாடு, ஆலத்தூர் நாடு என்று ஒவ்வொரு பெயரும் அழகு. இன்று இவை ஊராட்சிகளாகவும் இருக்கின்றன. சமவெளியில் நாடு என்ற இந்தப் பழைய பிரிவை நாம் கல்வெட்டில்தான் படிக்கிறோம். இங்கே மக்கள் அன்றாடம் சொல்லும் முகவரியாக அது இருக்கிறது. எனக்கு இந்த மலையில் பிடித்த விஷயங்களில் இது முதன்மையானது. நான்காவது வகுப்புப் பிள்ளையிடம் உன் ஊர் எது என்று கேட்டால் ஊர்ப்பெயரோடு நாட்டின் பெயரையும் சேர்த்துச் சொல்லும்.

ஊருக்குள் போய்ப் பார்க்கலாமா? படம் எடுக்கலாமா?

போகலாம், விருந்தாளியாக. வெளியூர்க்காரர் பத்துப் பேர் திடீரென்று வந்து வீட்டு வாசலில் நின்று கேமராவை நீட்டினால் நம் தெருவில் நாம் என்ன நினைப்போமோ அதையேதான் அவர்களும் நினைப்பார்கள். முதலில் கண்ணில் படுகிற பெரியவரிடம் வணக்கம் சொல்லி, எங்கிருந்து வருகிறீர்கள் என்று சொல்லுங்கள். ஐயா, அம்மா, அண்ணா, அக்கா என்றே கூப்பிடுங்கள். மலைக்காரர் என்பதற்காகச் சிலர் வயதில் மூத்தவர்களைக்கூட ஒருமையில் பேசுகிறார்கள். கேட்கவே எனக்குக் கூசுகிறது.

மண் சுவரும் புல் வேய்ந்த கூரையுமான பழைய வீடுகள் குறைந்துவிட்டன, பெரும்பாலும் ஓட்டு வீடும் மாடி வீடும்தான். பழைய வீடு இல்லையே என்று அவர்களிடமே வருத்தப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒழுகாத கூரை வேண்டும் என்று அவர்கள் நினைப்பதில் என்ன தவறு? மீதமிருக்கும் பழைய வீட்டைப் பார்த்தால், சுவர் எப்படி மெழுகியிருக்கிறார்கள், தானியம் எங்கே வைக்கிறார்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விருப்பத்தோடு காட்டுவார்கள்.

ஊர்ச் சாமி இருக்கும் இடங்களில் பல சமயம் கோபுரமோ மதிலோ இருக்காது. ஒரு மரம், அதன் அடியில் சில கற்கள், வேல். அதைக் கோயில் என்று தெரியாமல் செருப்போடு ஏறிவிடுகிறார்கள். சந்தேகம் வந்தால் செருப்பைக் கழற்றுங்கள், உள்ளே போகலாமா என்று கேளுங்கள். படமும் அப்படித்தான். கேட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கு மிட்டாயும் காசும் கொடுத்துப் பழக்காதீர்கள்.

சாமை, தினை எல்லாம் இங்கே இன்னும் விளைகிறதா?

விளைகிறது, ஆனால் முன்புபோல் இல்லை. ஒரு காலத்தில் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு இவைதான் மலையின் சோறு. சாமையிலேயே மல்லியச் சாமை, திருகுலச் சாமை, கட்டவெட்டிச் சாமை, பெருஞ்சாமை என்று ரகங்கள் உண்டு. சரிவான, மெலிந்த மண்ணில் மழையை மட்டுமே நம்பி விளையும் பயிர்கள் அவை.

அப்புறம் மரவள்ளி வந்தது. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்கிக்கொள்ளும், கையில் காசு கிடைக்கும். ரேஷன் அரிசியும் வந்தது. இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. சிறுதானியத்தின் உமியை நீக்குவது சாமானிய வேலை இல்லை. பெண்கள் உரலில் போட்டு மணிக்கணக்கில் குத்த வேண்டும். பகல் முழுக்கக் காட்டு வேலை பார்த்துவிட்டு இரவில் உலக்கை பிடிக்க யாருக்கு முடியும்? எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே வேலை செய்தபோது, விதைகளைக் காப்பதோடு நிற்காமல், ஊரிலேயே உமி நீக்கும் இயந்திரங்கள் கிடைக்கவும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து விற்கவும் உதவியது இதனால்தான். அரைக்க வழியில்லாவிட்டால் விதைக்கவும் ஆள் இருக்காது.

ஆகவே மலையில் சாமைச் சோறோ கேழ்வரகுக் களியோ கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். தங்கும் இடத்தில் முந்தின நாளே சொன்னால் செய்து தருவார்கள். சாமை அரிசியாகவே ஒன்றிரண்டு கிலோ வாங்கி வந்தால் இன்னும் நல்லது.

அறப்பளீஸ்வரர் கோயிலில் என்ன விசேஷம்?

வளப்பூர் நாட்டில், பெரியகோவிலூரில் இருக்கிறது. தேவாரத்தில் கொல்லிமலையின் இந்தக் கோயில் அறைப்பள்ளி என்ற பெயரில் குறிக்கப்படுகிறது. தனிப் பதிகம் கிடையாது, வேறு ஊர்களைப் பாடும்போது இடையில் பெயர் வருகிறது. இப்படிப்பட்ட ஊர்களை வைப்புத்தலம் என்பார்கள். சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. சாலையே இல்லாத காலத்தில், இவ்வளவு உயரத்தில், சோழர் காலத்தார் இந்தச் சாமிக்கு எழுதி வைத்த எழுத்து அது. விரலால் தடவாமல், சுண்ணாம்போ விபூதியோ பூசாமல் பாருங்கள்.

உழுதுகொண்டிருந்தபோது ஏர்முனை பட்டு லிங்கம் வெளிப்பட்டதாகவும், அந்த வடு இன்றும் அதன் மேல் இருப்பதாகவும் சொல்வார்கள். உழவர்களின் மலையில் சாமி ஏர்முனையில் கிடைத்தது பொருத்தமாக இருக்கிறது. பக்கத்தில் ஓடும் ஐயாற்றில் மீன்களுக்கு இரை போடுவது வழக்கம். யாரோ மீனை அறுத்துச் சமைக்கப் பார்க்க, அது மறுபடி ஒன்றுசேர்ந்து ஆற்றில் துள்ளிக் குதித்ததாம். அதனால் அறுத்த மீனைப் பொருத்திய சாமி என்ற புகழும் இவருக்கு உண்டு.

ஆகாய கங்கை அருவிக்கு எல்லோரும் இறங்கலாமா?

இறங்கலாம், ஏறுவதுதான் பாடு. கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் பள்ளத்தாக்குக்குள் இறங்குகின்றன. பல இடங்களில் படி செங்குத்தாக இருக்கும். இதய நோய், மூட்டு வலி, மூச்சிரைப்பு உள்ளவர்களை மற்றவர்கள் வற்புறுத்தி அழைத்துப் போகாதீர்கள். அவர்கள் கோயிலிலும் ஆற்றங்கரையிலும் உட்கார்ந்திருந்தால் பொழுது நன்றாகவே போகும். அருவி பார்க்காவிட்டால் கொல்லிமலை பார்த்ததாகாது என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். மாசிலா அருவிக்கும் நம்மருவிக்கும் இவ்வளவு இறங்க வேண்டியதில்லை.

காலையிலேயே இறங்கிவிடுங்கள். மதியம் ஏறினால் வெயிலும் களைப்பும் சேர்ந்துகொள்ளும். தண்ணீர் எடுத்துப் போங்கள், வழுக்காத செருப்பு போடுங்கள். அருவி நேராக விழும் இடத்துக்கு அடியில் நிற்காதீர்கள், மேலிருந்து கல் உருண்டு வரும். வனத்துறைக்காரர் இன்று அனுமதி இல்லை என்றால் வாதாட வேண்டாம். மேலே எங்கோ பெய்த மழை கீழே நிற்கிற நமக்குத் தெரியாது. இதே ஐயாறுதான் மலையிறங்கித் திருச்சி மாவட்டத்தின் புளியஞ்சோலைக்குப் போய்ச் சேர்கிறது.

வல்வில் ஓரி யார்?

கடையெழு வள்ளல்களில் ஒருவர், கொல்லிமலையை ஆண்டவர். செம்மேட்டில் சிலை இருக்கிறது. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் அவருடைய வில்லைப் பற்றிச் சொல்கிறார். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியின் வாய் வழியே போய், மானை உருட்டி, காட்டுப்பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் தைத்து நின்றதாம். புலவருக்கு அந்த வேட்டைக்காரர் யாரென்றே முதலில் தெரியவில்லை. தெரிந்து பாடியபோது ஓரிக்கு வெட்கம் வந்துவிட்டது. வீரத்தைவிட அந்த வெட்கம்தான் எனக்கு மனதில் நிற்கிறது. தன்னைப் பாடக் கேட்டு நாணிய ஒரு தலைவன்.

அவர் முடிவு போரில். முள்ளூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூறு சொல்கிறது. காரியின் குதிரைக்குப் பெயர் காரி, ஓரியின் குதிரைக்குப் பெயர் ஓரி. பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், மறக்கவே மாட்டார்கள்.

கொல்லிப்பாவையைப் பார்க்க முடியுமா?

சங்கப் பாடல்களில் கொல்லிப்பாவை என்பது தெய்வம் செய்து வைத்த ஒரு பெண் உருவம். காற்று அடித்தாலும் இடி இடித்தாலும் நிலமே நடுங்கினாலும் அழகு குலையாது என்று நற்றிணை சொல்கிறது. காதலியின் அழகைச் சொல்ல நினைத்த புலவர்கள் இந்தப் பாவையைத்தான் துணைக்கு அழைத்தார்கள். மலையில் இன்று எட்டுக்கை அம்மனையே கொல்லிப்பாவை என்று மக்கள் வழிபடுகிறார்கள். சின்னக் கோயில், சுற்றிலும் மரங்கள். சத்தமில்லாத நேரத்தில் போங்கள்.

ஆடிப்பெருக்குக்குப் போகலாமா?

ஆகஸ்டு 2, 3 தேதிகளில், ஆடிப்பெருக்கை ஒட்டி, அரசு வல்வில் ஓரி விழா நடத்துகிறது. மலை மக்களின் ஆட்டபாட்டம், கண்காட்சி எல்லாம் இருக்கும். அறப்பளீஸ்வரர் கோயிலிலும் கூட்டம் நிரம்பி வழியும். விழாவைப் பார்க்க வேண்டும் என்றால் தங்குமிடத்தை உறுதிசெய்துகொண்டு, முந்தின நாளே ஏறிவிடுங்கள். அமைதியைத் தேடுகிறவர்கள் அந்த இரண்டு நாளைத் தவிர்ப்பது நல்லது.

என்ன வாங்கி வரலாம்?

மிளகு, காபிக்கொட்டை, மலைவாழை, அன்னாசி, பலா, சாமை அரிசி. சோளக்காட்டுச் சந்தையிலும் சாலையோரத்தில் கூடை வைத்திருக்கும் பெண்களிடமும் வாங்குங்கள். மிளகுக் கொடியில் ஏணி போட்டு ஏறிப் பறித்தவர்களிடம் நேராக வாங்குவதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. பத்து ரூபாய்க்காகப் பேரம் பேசி அவர்களை நிற்க வைக்காதீர்கள்.

அருவிப் பாதையில் முடவாட்டுக்கால் சூப் விற்பார்கள். ஆட்டுக்கால் போல மயிர் அடர்ந்த கிழங்கு, பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் தண்டு அது. மிளகும் சீரகமும் போட்டுக் கொதிக்க வைத்துத் தருவார்கள். படியேறி வந்த களைப்புக்கு இதமாக இருக்கும். மூட்டு வலி போய்விடும் என்ற விளம்பரத்தை நம்பி மூட்டை மூட்டையாகக் கிழங்கை அள்ளி வராதீர்கள். எல்லோரும் அள்ளினால் பாறையில் மிஞ்சாது.

பணம், போன் எல்லாம் எப்படி?

செம்மேட்டில் சமாளித்துவிடலாம். உள் நாடுகளில் சிக்னல் வரும், போகும். சில்லறையோடு கையில் ரொக்கம் வைத்திருங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளைக் கீழேயிருந்தே கொண்டுவாருங்கள்.

குப்பையை என்ன செய்வது?

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. இருந்தும் அருவிப் படிகளில் பாக்கெட் உறைகள் கிடக்கின்றன. மது பாட்டில்களை உடைத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அதே வழியில்தான் மாடு மேய்க்கிறவர்கள் வெறுங்காலில் நடக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் கோபப்படாமல் பேசவே முடிவதில்லை. வண்டியில் ஒரு பை வைத்திருங்கள், மேலே கொண்டுபோனது எல்லாவற்றையும் அதில் போட்டுக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.